பச்சைக்கு ஒரு லீவு நாள்!

போன ஏப்ரல் மாதம். காலை பத்து மணிக்கே வேலூர் வெயில் கிளினிக் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் ஏற்றுமதிப் பிரிவில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் அப்பாவை அழைத்து வந்திருந்தார். அப்பாவுக்கு இரண்டு உள்ளங்கையிலும் வெடிப்பு, அரிப்பு. அவரைப் பரிசோதித்துக்கொண்டிருக்கும்போது மகன் கைபேசியைப் பார்த்துப் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

"என்ன தம்பி, ஆபீஸ் அவசரமா?"

"இல்ல சார், ஜப்பான் பார்ட்டிக்கு ஒரு சாம்பிள் ஓ.கே. ஆகணும். இந்த வாரத்துக்குள்ள பதில் வரலைன்னா அவ்வளவுதான். ஏப்ரல் கடைசியில ஆரம்பிச்சு மே முதல் வாரம் வரைக்கும் அங்க வரிசையா லீவு. அதுல ஒரு நாள் மரம், செடிக்காம் சார்! மரத்துக்கெல்லாம் கவர்ன்மென்ட் லீவு விடுற ஊரு!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. "என்ன தேதி அது?" என்று கேட்டேன்.

"மே 4."

மே 4! நமக்கு அன்றைக்கு என்ன? பெரும்பாலான வருடங்களில் அன்றுதான் அக்னி நட்சத்திரம் ஆரம்பம். அவர்கள் குடும்பத்தோடு பூங்காவுக்குப் போகிற நாளில் நாம் ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருப்போம்!

அன்று மாலையே அதைப் பற்றித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, நம் சித்திரை முதல் நாள் இலையில் விழுகிற அந்தக் கசப்புப் பச்சடி வரை கொண்டுபோய் விட்டது விஷயம்.

ஒன்றல்ல, இரண்டு!

ஜப்பானில் இயற்கையை நினைப்பதற்கென்று வசந்த காலத்தில் இரண்டு அரசு விடுமுறைகள் இருக்கின்றன.

முதலாவது மார்ச் 20 அல்லது 21. பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும் நாள். இயற்கையைப் போற்றவும் உயிர்களை நேசிக்கவும் இந்த நாள் என்று 1948-ம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை... தேதியைக் காலண்டர் அச்சடிப்பவர்கள் முடிவு செய்ய முடியாது. அந்நாட்டு வானியல் ஆய்வகம் கணக்குப் போட்டுச் சொல்ல, முந்தைய ஆண்டு பிப்ரவரி மாதமே அரசிதழில் அறிவிப்பு வருகிறது. அந்த வாரத்தில் முன்னோர் கல்லறைக்குப் போய்ச் சுத்தம் செய்து, பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். ஒட்டும் அரிசியைப் பிடித்து, அதன்மேல் இனிப்புப் பயறு விழுதைப் பூசிப் படைக்கிறார்கள். நம் வீட்டுப் பூரணக் கொழுக்கட்டையை உள்ளும் வெளியுமாகத் திருப்பிப் போட்டது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இரண்டாவதுதான் அந்தத் தம்பி சொன்ன 'மிதோரி நோ ஹி'. 'பச்சை நாள்' என்று பொருள். ஹிரோஹிதோ சக்ரவர்த்தியின் பிறந்த நாள் ஏப்ரல் 29. அவர் இருந்தவரை அது விடுமுறை. 1989 ஜனவரியில் அவர் மறைந்தார். சக்ரவர்த்தியோ கடல் உயிரினங்களை ஆராய்ந்தவர், செடிகொடிகளில் பிரியம் உள்ளவர். எனவே விடுமுறையை ரத்து செய்யாமல் பச்சைக்குக் கொடுத்துவிட்டார்கள்! 2007-லிருந்து ஏப்ரல் 29 அவர் காலத்தை நினைக்கும் 'ஷோவா நாள்' ஆனது. பச்சை நாள் மே 4-க்கு நகர்ந்தது. மே 3 அரசியல் சட்ட நாள், மே 5 குழந்தைகள் நாள். நடுவில் மரம், செடி. வரிசையாக லீவு வருவதால் 'தங்க வாரம்' என்றே பெயர். ஆம்பூர் மெயிலுக்குப் பதில் வராததன் ரகசியம் இதுதான்.

நாமும் அதே நாளைத்தான் கொண்டாடுகிறோம்!

"நமக்கு இப்படி ஒரு நாள் இல்லையே டாக்டர்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. நாம்தான் பெயரை மறந்துவிட்டோம்.

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில், சித்திரை பிறந்தால் நண்பர்களோடு பாபநாசம் போவேன். அந்தப் பக்கத்தில் யாரும் வருஷப்பிறப்பு என்று அதிகம் சொல்லமாட்டார்கள். 'சித்திரை விசு' என்பார்கள். தாமிரபரணியில் முங்கிக் குளித்துவிட்டு, ஈரத் துணியோடு பொதிகை மலையைப் பார்த்து நிற்கும் கூட்டம். எங்கள் மருத்துவத்துக்கு ஆதி குருவான அகத்தியரின் மலை. வட ஆர்க்காட்டுப் பையனான எனக்கு அந்தச் சொல்லே புதிது. ஹாஸ்டல் சமையற்காரரிடம் கேட்டேன்: "விசுன்னா என்ன அண்ணாச்சி?" அவர், "விசுன்னா விசுதாம்லே!" என்று முடித்துவிட்டார்.

பிறகுதான் தெரிந்தது. விஷு, விஷுவம் என்றால் சமம். இரவும் பகலும் சமமாகும் நாள். அதாவது ஜப்பான்காரர் மார்ச்சில் விடுமுறை விடுகிற அதே நாள்!

"அது மார்ச் 20, இது ஏப்ரல் 14... எப்படி ஒன்றாகும்?" நியாயமான கேள்வி. நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து வருடத்தை அளக்கிறது. இங்கிலீஷ் காலண்டர் பருவங்களை வைத்து அளக்கிறது. இரண்டு வருடத்துக்கும் வித்தியாசம் சுமார் 20 நிமிடம்தான். ஆனால் அது வருடா வருடம் சேரும் அல்லவா? 70 வருடத்துக்கு ஒரு நாள் வீதம் விலகி விலகி, ஏறத்தாழ 1,700 ஆண்டுகளில் 24 நாள் ஆகிவிட்டது. அன்றைக்குச் சித்திரை பிறந்தபோது பகலும் இரவும் சமமாகவே இருந்தன. இன்று நாள் நகர்ந்துவிட்டது, பெயர் மட்டும் அங்கேயே நிற்கிறது. இந்தக் கணக்கில் சந்தேகம் இருப்பவர்கள் வாணியம்பாடிக்குத் தெற்கே ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானோக்கு நிலையத்தில் கேட்டுப் பார்க்கலாம். பக்கத்து ஊர்தானே!

மரம் போடுகிற மருந்துச் சீட்டு

சித்திரையும் வைகாசியும் நமக்கு இளவேனில். பங்குனிக் கடைசியில் நம் ஊர்த் தெருக்களைக் கவனியுங்கள். புங்க மரம் தாமிர நிறத்தில் துளிர் விட்டுப் பச்சையாக மாறுகிறது. சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்குகிறது. வேம்பு சத்தமில்லாமல் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, ஸ்கூட்டர் சீட் முழுக்க உதிர்த்து வைக்கிறது. நாம் திட்டிக்கொண்டே துடைத்துவிட்டுப் போகிறோம்!

அந்தப் பூதான் இந்தப் பருவத்தின் மருந்து. வெயில் ஏற ஏறப் பசி குறையும். நாக்கில் ருசி இருக்காது. சிலருக்கு ஓங்கரிப்பு. பித்தம் கூடுகிறது என்பது சித்த மருத்துவக் கணக்கு. கைப்புச் சுவை பித்தத்தையும் கபத்தையும் தணிக்கும் என்பதால்தான் வருஷத்தின் முதல் நாள் இலையிலேயே அதை வைத்தார்கள். வேப்பெண்ணெயின் கசப்பான பொருள்களில் ஒன்றான நிம்பினை 1942-ல் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்ற ரசாயன விஞ்ஞானி பிரித்தெடுத்துக் காட்டினார். நம் பாட்டிகளுக்கு அந்தப் பெயர் தெரியாது. பூ எப்போது உதிரும் என்று தெரியும்!

நம் பகுதியில் இன்னொரு அழகு உண்டு. தெலுங்கு பேசும் குடும்பங்கள் சித்திரைக்குச் சில நாள் முன்னால் வரும் யுகாதிக்கே வேப்பம்பூப் பச்சடி செய்துவிடுவார்கள். குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கம் சுவருக்குச் சுவர் இரண்டு வழக்கமும் இருக்கும். சின்ன வயதில் எனக்கு இரண்டு தடவை கசப்பு கிடைக்கும், பக்கத்து வீட்டு தயவில் ஒன்று, எங்கள் வீட்டில் ஒன்று!

செய்முறை தெரியாத புது மருமகள்களுக்காகச் சொல்கிறேன்.

சாயங்காலம் மரத்தடியில் சுத்தமான பழைய வேட்டியை விரித்து வையுங்கள். காலையில் உதிர்ந்திருக்கும் பூவை எடுத்து, காம்பு தூசி போகப் புடைத்து, அலசி வடியவிடுங்கள். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, தோலோடு நறுக்கிய ஒரு சிறு மாங்காய், உப்பு, மஞ்சள் தூள் போட்டு வேகவிடுங்கள். வெந்ததும் அரைக் கப் வெல்லம். கடைசியில் நெய்யில் கடுகு, ஒரு காய்ந்த மிளகாய் தாளித்து, அதே நெய்யில் இரண்டு ஸ்பூன் பூவைக் கருகாமல் சிவக்க வறுத்து மேலே கொட்டி இறக்கிவிடுங்கள். முதலிலேயே பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டால் பச்சடி முழுவதும் கசந்து, குழந்தைகள் ஓடிவிடும். இனிப்பு, புளிப்பு, உப்பு, காரம், கசப்பு ஐந்தும் வந்துவிட்டன. ஆறாவதான துவர்ப்பு மாங்காய்த் தோலில் இருக்கிறது. அதனால் தோலைச் சீவாதீர்கள்.

மீதிப் பூவை நன்றாகக் காயவைத்துப் பாட்டிலில் போட்டால் ஒரு வருடம் ரசத்துக்கு ஆகும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குப் பச்சடியைவிட வெல்லமில்லாத ரசம்தான் சரி. "பூ கசப்பு, அதனால வெல்லம் ஒண்ணும் பண்ணாது சார்" என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. கசப்பும் இனிப்பும் சேர்ந்து பூஜ்யம் ஆகிவிடாது ஐயா!

பூ வேறு, எண்ணெய் வேறு

இதைச் சொல்லாமல் விட்டால் நான் வைத்தியனே இல்லை.

சுமார் இருபது வருடம் முன்பு. ஒரு மத்தியானம் நாலு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பாட்டி ஓடி வந்தார். குழந்தை துவண்டு கிடந்தது. நாலைந்து முறை வாந்தி. கண் மேலே செருகுகிறது.

"இன்னாம்மா குடுத்த?"

"சளிக்குன்னு ஒரு பாலாடை வேப்பெண்ணெய்தாம்பா. எங்கம்மா எனக்குக் குடுத்தாங்க. எம் புள்ளைக்கு நான் குடுத்தேன். ஒண்ணும் ஆகல."

என் கிளினிக்கில் வைத்துப் பார்க்கிற விஷயம் இல்லை அது. அதே ஆட்டோவில் நானும் ஏறி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியிலேயே வலிப்பு வந்துவிட்டது. மூன்று நாள் தீவிர சிகிச்சை. குழந்தை பிழைத்தது. அந்த மூன்று நாளும் பாட்டி வராண்டாவில் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்த காட்சியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

சின்னக் குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுக்கும் வேப்பெண்ணெய் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் என்பது 1981-லேயே மலேசியாவிலிருந்து மருத்துவப் பத்திரிகையில் வந்த செய்தி. "அந்தக் காலத்தில் ஒன்றும் ஆகவில்லையே" என்பவர்களுக்கு ஒரே பதில்: ஆன குழந்தைகளைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை. 'மாந்தம்', 'தோஷம்' என்று பெயர் வைத்து முடித்துவிட்டோம்.

ஆகவே கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் வாயில் ஒரு சொட்டுகூட வேண்டாம். கர்ப்பிணிகள் வேம்பை மருந்தாகச் சாப்பிட வேண்டாம். கர்ப்பமாக வேண்டும் என்று காத்திருப்பவர்களும்தான். மற்றவர்கள் வருஷப்பிறப்பு அன்று இரண்டு ஸ்பூன் பச்சடி தாராளமாகச் சாப்பிடுங்கள். இயற்கை என்றாலே பத்திரம் என்பது பாதி உண்மை. எட்டிக்காயும் இயற்கைதான்!

ஆவாரை தெரியுமா, ஆம்பூர்க்காரரே?

இப்போது அந்த அப்பாவின் கைக்கு வருகிறேன்.

முப்பது வருடம் டேனரியில் டிரம் அருகே வேலை பார்த்தவர். குரோம் நீரில் ஊறிய தோலைக் கையுறை இல்லாமல் எடுத்துப் போட்டவர். அவர் கையில் இருந்தது குரோமியம் ஒவ்வாமை என்றுதான் எனக்குப் பட்டது. தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். பேட்ச் டெஸ்ட்டில் அதுவே உறுதியானது. இப்படிப்பட்டவர்கள் சிமென்ட் வேலைக்குப் போனாலும் அவதிதான். சிமென்ட்டிலும் குரோமியம் உண்டு. என் பங்குக்குக் கைக்கு எண்ணெய் கொடுத்தேன். ஆனால் காரணத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தால் எந்த எண்ணெயும் நிற்காது என்று மகன் முன்னாலேயே சொன்னேன்.

"எங்க அப்பா காலத்துல குரோம் ஏது சார்? எல்லாம் ஆவாரம்பட்டை, கடுக்காய்" என்றார் அவர். "பட்டையை இடிச்சு ஊறப்போட்டா தெருவே மணக்கும். வாரக்கணக்கா ஊறும். கை செவந்து கெடக்குமே தவிர, இந்த மாதிரி வெடிச்சதில்ல."

யோசித்துப் பாருங்கள். ஆவாரையும் கடுக்காயும் எங்கள் மருந்துப் பெட்டியின் ராஜாக்கள்! கடுக்காய் திரிபலையில் ஒன்று. ஆவாரைக் குடிநீரில் ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருது என ஏழு சரக்கு, நீரிழிவுக்குக் கொடுக்கிறோம். நாக்கைப் பிடித்து இழுக்கிற அந்தத் துவர்ப்புதான் ஆட்டுத் தோலையும் இறுக்கி, அழுகாமல் காக்கிறது. சித்த வைத்தியரும் தோல்காரரும் ஒரே கடையில் சரக்கு வாங்கிய காலம் அது. ஜவ்வாது மலையிலிருந்து கடுக்காய் இறங்கும், கரம்பில் ஆவாரை வெட்டுவார்கள். இன்றும் திருச்சி, திண்டுக்கல் பக்கம் அந்த முறையில் பதனிடுகிறார்கள். 2008-ல் 'கிழக்கிந்தியத் தோல்' என்று அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

(ஆவாரை என்றதும் ஒரு வார்த்தை. "ஆவாரம்பூ டீ குடிக்கிறேன், சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டேன் சார்" என்று வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ரத்தப் பரிசோதனை பார்க்காமல், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். பூ எங்கேயும் ஓடிவிடாது.)

பிறகு பதனிடாத தோலை அப்படியே ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு வந்தது. முடித்த தோலும் செருப்பும் ஷூவும் இங்கேயே செய்ய வேண்டியதாயிற்று. 1970-களுக்குப் பிறகு குரோம் முறை வேகமாகப் பரவியது. வாரக்கணக்கு வேலை ஒன்றிரண்டு நாளில் முடிந்தது. ஒரு கிலோ தோலுக்கு 30 முதல் 40 லிட்டர் தண்ணீர். அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்த இடம் எது என்று வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் கிணறு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உப்புக் கரிக்கும் கிணறு, காய்ப்பு நின்ற தென்னை...

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பு சொன்னது. அழுக்காக்கியவரே அதற்கான செலவைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஆழமாக வேர் பிடித்தது நம் பாலாற்றுக்காகத்தான். சட்டக் கல்லூரி மாணவர்கள் நாடு முழுக்க வேலூர் பெயரைப் படிக்கிறார்கள். 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றைப் பற்றி ஒரு தீர்ப்பு தர வேண்டி வந்தது. இழப்பீடு கொடு, ஆற்றைச் சீர்செய் என்று. இடையில் 28 வருடத்துக்கும் மேல்! நடுவே 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் சேற்றில் மாண்டார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள்.

தொழிலை மூடு என்று நான் சொல்லமாட்டேன். காலை ஏழு மணிக்கு ஆம்பூர் சாலையில் நின்று பாருங்கள். கம்பெனி பஸ் பஸ்ஸாகப் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். எத்தனை வீட்டில் அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள்! என் நோயாளிகளில் பாதிப் பேர் அவர்கள்தான். கையுறையும் நல்ல தண்ணீரும் கேட்பது தொழிலுக்கு விரோதம் ஆகாது. அவ்வளவே.

இதில் வீட்டில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கழிவு ஓடுகிற கால்வாய் ஓரத்தில் விளைந்த கீரையை மலிவு என்று வாங்காதீர்கள். வேப்பம்பூவும் அப்படித்தான். சாக்கடை ஓரம், லாரி புகை மண்டும் ஹைவே ஓரம் வேண்டாம். கோயில், பள்ளிக்கூடம், தர்கா... உள்ளே தள்ளி நிற்கும் மரமாகப் பாருங்கள்.

காட்டில் ஒரு குளியல்

ஜப்பானில் 1982-ல் அரசு வனத்துறையே 'ஷின்ரின் யோகு' என்று ஒரு வார்த்தையைப் பரப்பியது. காட்டுக் குளியல். தண்ணீர் வேண்டாம், சோப்பு வேண்டாம். மரங்களுக்கு நடுவே அவசரமில்லாமல் நடப்பது, உட்காருவது, மூச்சு விடுவது. ரத்த அழுத்தமும் மன இறுக்கமும் குறைகின்றனவா என்று அங்கே அளந்து பார்த்து எழுதுகிறார்கள்.

நமக்கு ஏலகிரி இருக்கிறது, ஜவ்வாது மலை இருக்கிறது, அமிர்தி காடு இருக்கிறது. ஆனால் ஏலகிரிக்குக் காரில் ஏறி, போட்டிங் முடித்து, செல்ஃபி எடுத்து, பிரியாணி பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு, அந்தப் பிளாஸ்டிக்கை அங்கேயே போட்டுவிட்டு இறங்குவது குளியல் அல்ல! குழந்தையை ஒரு மரத்தடியில் கால் மணி நேரம் சும்மா உட்கார வையுங்கள். என்ன பறவை கூவுகிறது என்று கேளுங்கள். உங்களுக்கும் தெரியாவிட்டால் இருவருமாகத் தேடுங்கள்.

மே 4-க்கு மட்டும் நாம் ஜப்பானைப் பின்பற்ற முடியாது. கத்திரியில் காலை 11 மணியிலிருந்து மூன்று, மூன்றரை வரை வெளியே சுற்றாதீர்கள். நீர்மோர், நுங்கு, நன்னாரி, உப்புப் போட்ட கேழ்வரகுக் கூழ் இவை போதும். தலைசுற்றல், வியர்வை நின்ற காய்ச்சல், குழப்பமான பேச்சு இருந்தால் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்க வேண்டாம். ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மூன்று வாரம் கழித்து அந்தத் தம்பியிடமிருந்து கைபேசியில் ஒரு படம் வந்தது. மொட்டை மாடியில், ஷூ பெட்டி மூடிகளில் வரிசையாக வேப்பம்பூ காய்கிறது. "அப்பா பொறுக்கினது சார். கை பரவாயில்ல. சாம்பிளும் ஓ.கே. ஆயிடுச்சு. ஜப்பான் பார்ட்டிக்கு இதுல ஒரு பாக்கெட் அனுப்பலாமா?"

"அனுப்பு தம்பி. ரசம் வைக்கிற விதத்தையும் எழுதி அனுப்பு. இல்லேன்னா டீ போட்டுக் குடிச்சிட்டு அடுத்த ஆர்டரை கேன்சல் பண்ணிடப் போறாங்க!" என்று பதில் போட்டேன்.